எல்லோரும் எதற்குக் கையை நீட்டுகிறார்கள்?

சரவணா, இது த்ரீடி படங்களைப் பற்றிய கடிதம்தான். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். "அப்பா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு" என்று நீ கவிதாவிடம் சொல்லிச் சிரிப்பதும், என் மருமகள் "பாவம் மாமா" என்று உச்சுக் கொட்டுவதும் திண்டுக்கல்வரை கேட்கிறது. சிரித்துக்கொள். ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே. போன வாரம் போனில் சொல்ல வந்ததை நீ சொல்லவிடவில்லை. அதில் உன்மேல் தப்பு ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காக ஒரே புலம்பலைக் கேட்டவன் ஒரு நாள் போனை வைத்துவிட்டுப் போவது நியாயம்தான். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் குறுக்கே பேச முடியாது. கடிதத்தின் கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அது என் பேத்தியைப் பற்றியது, நம் பாப்பாவைப் பற்றியது. அதை மட்டும் முதலில் எடுத்துப் படித்தால், நான் வழக்கம்போல ஒன்றைப் பத்தாக்குகிறேன் என்று நினைத்துவிடுவாய். அதனால் நான் எழுதிய வரிசையிலேயே படி.

நான் எப்படிப்பட்ட சினிமாக்காரன் என்று உனக்குத் தெரியும். சின்னாளபட்டி சேலைக்கடையில் வாரம் ஒரு நாள் லீவு. அன்றைக்கு மற்றவர்கள் துணி துவைத்தார்கள், தூங்கினார்கள், சீட்டாடினார்கள். நான் படம் பார்த்தேன். உன் அம்மா கல்யாணமாகி வந்த மறுவாரம் அவளை முதலில் அழைத்துப் போனது கோவிலுக்கு, இரண்டாவது தியேட்டருக்கு. நீ வயிற்றில் இருந்தபோது மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பால்கனியை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து பார்த்தோம், படத்துக்குப் போகாமல் இருக்கவில்லை. பெயர் போடுவதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும், கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது, நடுவில் யாரும் பேசக் கூடாது. இந்த மூன்று சட்டத்தையும் நம் வீட்டில் மீறியவள் உன் அம்மா ஒருத்திதான். அவளை யார் தண்டிப்பது?

படத்தில் எனக்கு முதலில் கண்ணில் படுவது நிறம். அதற்குக் காரணம் தொழில். கடையில் நான் எப்படிப் பில் போடுகிற ஆளானேன் என்ற கதையை நீ நூறு தரம் கேட்டிருப்பாய். இருந்தாலும் இந்தக் கடிதத்துக்கு அது தேவைப்படுகிறது. சேர்ந்த புதிதில் என்னைச் சரக்கு எடுக்கும் வேலையில்தான் போட்டார்கள். ஒருவர் ஏணியில் ஏறி நின்று மேல் தட்டிலிருந்து சுங்குடிச் சேலைக் கட்டுகளை எறிவார், கீழே நிற்பவன் பிடித்து மெத்தையில் அடுக்க வேண்டும். எல்லோரும் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே ஒற்றைக் கையில் பிடிப்பார்கள். எனக்குக் கட்டு நெஞ்சில் வந்து மோதிய பிறகுதான் கை மூடும். ஒரு நாள் முகத்தில் விழுந்து மூக்கில் ரத்தம் வந்தது. முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துவிட்டு, "இவனப் புடிக்கச் சொன்னா கைதட்டுறான்யா. பில்லு போட உக்கார வைங்க" என்றார். உட்கார்ந்தவன் ஓய்வு பெறும்வரை எழுந்திருக்கவில்லை. அரக்கு, மெரூன், மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று நாள் முழுக்க நிறத்தை எழுதி எழுதியே என் கண் பழகிவிட்டது.

அந்தக் கண்ணோடு நான் த்ரீடி படம் பார்க்கப் போனால் எப்படி இருக்கும்? முதலில் அந்தக் கண்ணாடி. முந்தைய காட்சி பார்த்தவருடைய மூக்கு எண்ணெயும், அவர் பிள்ளை பாப்கார்ன் தின்ற விரல் ரேகையும் அதில் இருக்கும். வேட்டி நுனியால் துடைத்தால் இரண்டும் கலந்து பரவும். நான் ஏற்கெனவே கண்ணாடி போட்டவன். அதற்கு மேல் இதையும் மாட்டினால் மூக்குமேல் மாடி வீடு கட்டின கணக்கு. தும்மினால் மேல்மாடி மடியில் விழும். சரி, சகித்துக்கொண்டு பார்க்கலாம் என்றால் திரையில் எல்லாம் இருட்டு. கதாநாயகி மழையில் நனைந்து ஓடி வருகிறாள், கட்டியிருப்பது அரக்கா மெரூனா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் மெரூன் என்று தெரிகிறது, ஆனால் கதாநாயகி இரண்டாகிவிடுகிறாள். போட்டால் இருட்டு, கழற்றினால் இரட்டை. இதற்காகத் தனியாகக் காசு வேறு.

கதையும் கெட்டது என்பது என் கட்சி. அண்ணனும் தம்பியும் சொத்துக்காகச் சண்டை போடுகிறார்கள் என்றால், அண்ணன் செங்கல்லைத் தம்பி மேல்தானே எறிய வேண்டும்? சம்பந்தமே இல்லாமல் என்னைப் பார்த்து ஏன் எறிகிறான்? ஈட்டி, அம்பு, பாம்பு, கார்க் கதவு எல்லாம் கதையை விட்டுவிட்டு நம் பக்கம் திரும்புகின்றன. த்ரீடி வேண்டாம், அதே படத்தைச் சாதாரணமாகவே பார்த்துக்கொள்கிறேன் என்றால் அந்தக் காட்சியைக் காலையில் பல் விளக்குகிற நேரத்துக்கு ஒன்று போட்டுவிட்டு, மீதியெல்லாம் த்ரீடி என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தியேட்டர் மேனேஜரிடம் இதையெல்லாம் நேரிலேயே கேட்டிருக்கிறேன். "ஊருல யாரும் சொல்லலைங்கய்யா. உங்களுக்கு மட்டுந்தான் இம்புட்டுக் குறை" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று இப்போதுதான் தெரிகிறது.

உன் அம்மாவுக்கோ த்ரீடி என்றால் உயிர். அம்பு வந்தால் குனிவாள். பாம்பு வந்தால் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வாள். ஒரு படத்தில் மழை வந்தபோது முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "மூஞ்சிக்கு நேரா வந்துச்சுங்க" என்று வீட்டுக்கு வந்தும் சொல்வாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அதே அம்பைப் பார்த்தேன். அது திரையை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. சரவணா, நான் இத்தனை வருஷமாக என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். எல்லோரும் நடிக்கிறார்கள் என்று நினைத்தேன். திருவிழாவில் நாலு பேருக்குச் சாமி வந்தால் பக்கத்தில் நிற்கிற பத்துப் பேர் சும்மாவாவது ஆடுவார்களே, அந்த மாதிரி. காசு கொடுத்தாயிற்று, கண்ணாடியும் போட்டாயிற்று, ஒன்றும் வரவில்லை என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று தியேட்டரே சேர்ந்து குனிகிறது, நான் ஒருத்தன்தான் உள்ளதைச் சொல்கிறேன் என்று நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இந்த லட்சணத்தில் நீ சென்னையில் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய். சாதாரணமாக எடுத்த படத்தைத் த்ரீடியாக மாற்றுகிற வேலை. ஒவ்வொரு ஆளையும் சுற்றிக் கோடு போட்டுப் பிரித்து எடுத்து, இவர் கிட்டே, இவர் தள்ளி, மரம் அதற்கும் பின்னால் என்று ஒவ்வொரு படமாக அடுக்க வேண்டும், ஒரு நொடிக்கே இருபத்து நாலு படம் என்று நீ தீபாவளிக்கு வந்தபோது சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துச் சொல்லிக் காட்டினாய். அப்பளம் முன்னால், சோறு நடுவில், டம்ளர் பின்னால். நான் தலையாட்டினேன். நீ ஊருக்குப் போனதும், உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க என் மகனுக்கு இதுவா வாய்க்க வேண்டும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, இனிமேல் வருகிற அம்பெல்லாம் என் மகன் விடுகிற அம்பு, குறை சொன்னால் ராத்திரி சோறு கிடையாது என்றாள்.

உன் பெயர் முதன்முதலில் திரையில் வந்த படத்துக்குச் சித்தப்பா குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போனோம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டார்கள், கதவைத் திறந்தார்கள், கூட்டுகிறவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நான் ஓடிப்போய் மேனேஜரைப் பிடித்து, என் மகன் பேர் இன்னும் வரவில்லை, நிறுத்திவிடாதீர்கள் என்றேன். அவர் நல்ல மனிதர், ஓடவிட்டார். எறும்புச் சாரை போலப் பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. உன் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். நான் அழுதேன் என்று அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள், அது உண்மை. ஆனால் அன்றைக்கு ராத்திரி நீ போனில் எப்படி இருந்தது என்று கேட்டபோது நான் சொன்னது என்ன? பேர் நன்றாகத் தெரிந்தது, அதற்குள் நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன் என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "ஆறு மாச வேலைப்பா அது" என்றாய். அந்த வார்த்தையில் உனக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் அடுத்த படத்துக்கும் அதே கிண்டலைத்தான் செய்தேன்.

இப்போது பரீட்சை லீவுக்கு நீங்கள் வந்திருந்தபோது நடந்ததற்கு வருகிறேன். குழந்தைகள் படம், காட்டுக்குள் ஒரு யானைக்குட்டி, நடுவில் ஆயிரக்கணக்கில் வண்ணத்துப்பூச்சிகள் பறந்து வருகிற காட்சி. அந்த வண்ணத்துப்பூச்சிகள் உன் கையால் பறந்தவை என்று கவிதா முதல் நாளே சொன்னாள். பாப்பா எப்படிப் பார்க்கப் போகிறாள் என்று நீ காலையிலிருந்தே ஒரு மாதிரி பரபரப்பாக இருந்தாய். டிக்கெட் எடுத்துவிட்டு இரண்டு தரம் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய். பாப்பாவை நமக்கு நடுவில் உட்கார வைத்தோம். அந்தக் காட்சி வந்தது. தியேட்டரில் இருந்த அத்தனை பிள்ளைகளும் கத்திக்கொண்டு கையை நீட்டினார்கள். நம் பாப்பா திரையைப் பார்த்தாள், பிறகு திரும்பி அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாள். என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏன் தாத்தா எல்லாரும் கைய நீட்டுறாங்க?" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்களுக்குச் சும்மா இருக்க முடியல பாப்பா. நம்ம பாப்கார்ன் தின்போம்" என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, போட்டால் இருட்டாக இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. இத்தனை வருஷம் தனியாக நின்று கத்தினவனுக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டாள். என் கட்சிக்கு ஆள் சேர்ந்தாச்சு என்று தியேட்டரிலேயே சத்தமாகச் சிரித்தேன். நீ கண்ணாடியைப் போடச் சொல்லி அவளிடம் இரண்டு தரம் சொன்னாய், பிறகு சொல்வதை விட்டுவிட்டாய். வண்டி நிறுத்துகிற இடத்தில் வைத்து என்னிடம், "சின்னப் புள்ளைக்குமாப்பா சொல்லிக் குடுத்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாய். குரலை உயர்த்தவில்லை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது நிஜம். ஆனால் அவள் அப்படிச் செய்ததில் எனக்கு இருந்த பெருமை முகத்தில் தெரிந்திருக்கும், அதனால் நான் இல்லை என்று சொன்னதை நீ நம்பவில்லை. அன்றைக்கு வாங்கிய பிரியாணியை யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை வண்டிக்கே கிளம்பிவிட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு உன் அம்மா என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். புரை விழுந்திருக்கும், அதனால்தான் த்ரீடி இருட்டாக இருக்கிறது, அதைச் சரிசெய்தால் வீட்டில் நிம்மதி வரும் என்பது அவள் கணக்கு. டாக்டர் சின்னப் பெண், கவிதா வயதுதான் இருக்கும். வலது கண்ணை ஓர் அட்டையால் மூடிவிட்டு எழுத்தைப் படிக்கச் சொன்னாள். மேலே இருக்கிற பெரிய எழுத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. விளக்கு சரியில்லையா அம்மா என்று கேட்டேன். அட்டையை மாற்றி இடது கண்ணை மூடினாள், கடைசி வரிவரை கடகடவென்று படித்தேன். இத்தனை வயதுவரை ஒரு கண்ணை மட்டும் மூடிப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை. புரை கொஞ்சம்தான், அது காரணம் இல்லை என்றாள். "இடது கண்ணு சின்ன வயசுலேருந்தே சரியா வேலை செய்யலைங்கய்யா. ஒரு கண்ணே போதும்னு மூளை பழகிருச்சு" என்றாள். வெளியிலிருந்து பார்த்தால் மாறுகண் மாதிரியெல்லாம் ஒன்றும் தெரியாதாம். ரொம்பப் பேர் தெரியாமலேயே இருந்துவிடுவார்களாம்.

நான் விடுவேனா? அப்படியானால் த்ரீடி படம் ஏன் இருட்டாக இருக்கிறது என்று அங்கேயும் ஆரம்பித்தேன். அவள் சிரித்துவிட்டு, குழந்தைகளுக்கு வைத்திருக்கிற ஒரு புத்தகத்தை எடுத்து வரச் சொன்னாள். கூடவே ஒரு கறுப்புக் கண்ணாடி வந்தது. இங்கேயுமா என்று தலையில் அடித்துக்கொண்டு அதை மாட்டிக்கொண்டேன். புத்தகத்தைத் திறந்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈயின் படம். அதன் இறக்கையை விரலால் பிடியுங்கள் என்றாள். நான் தாளின்மேல் விரலை வைத்தேன், ஈ அங்கேதானே இருக்கிறது. அவள் கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கி உன் அம்மாவிடம் கொடுத்தாள். உன் அம்மா போட்டுக்கொண்டு பார்த்ததும், "அய்யே" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அப்புறம் பயந்துகொண்டே இரண்டு விரலை நீட்டி, தாளுக்கு அரைச் சாண் மேலே, வெறும் காற்றில் பிடித்தாள். அங்கே ஒன்றுமே இல்லை, சரவணா. நடிப்பதற்கு அவளுக்கு அங்கே என்ன தேவை? டிக்கெட் வாங்கவில்லை, கூட்டமும் இல்லை. காற்றில் இருக்கிற இறக்கையை அவ்வளவு கவனமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வேறு ஒரு படம் பார்த்திருக்கிறாள்.

இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் அது எழுந்து வரும், ஒரு கண்ணால் பார்க்கிறவருக்குத் தாளில்தான் இருக்கும் என்று டாக்டர் விளக்கினாள். பந்து பிடிப்பது கஷ்டமாக இருந்திருக்குமே என்றாள். உன் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சேலைக் கட்டு கதையைச் சொன்னாள். மூன்று பேருமே சிரித்தோம். பிறகு டாக்டர் எழுதிக்கொண்டே, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களா என்று சாதாரணமாகக் கேட்டாள். உன் அம்மா வழக்கமான பெருமையோடு, "ஒரே பேத்திங்க. அப்படியே இவர உரிச்சு வெச்சிருக்கா" என்றாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்த நிமிஷத்தில் என் காதில் கேட்டது பாப்பாவின் குரல்தான். ஏன் தாத்தா எல்லாரும் கைய நீட்டுறாங்க.

அவளுக்கு என்ன வயது என்று டாக்டர் கேட்டாள். அஞ்சு முடிந்து ஆறு நடக்கிறது என்றோம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம், வராமலும் போகலாம், ஆனால் உடனே பார்த்துவிடுவது நல்லது என்றாள். சின்ன வயதில் கண்டுபிடித்தால் கண்ணாடி கொடுப்பார்கள், நல்ல கண்ணைக் கொஞ்ச நேரம் மூடிவைத்து மற்றதை வேலை வாங்குவார்கள், பெரும்பாலும் தேறிவிடும். வயது ஏற ஏற அது கஷ்டமாகிக்கொண்டே போகுமாம். என் வயதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதை மரியாதையாகச் சொன்னாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். வீட்டு வாசலில் இறங்குவதற்குள் உன் அம்மா போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

வந்ததும் உனக்குப் போன் செய்தேன். தப்பாக ஆரம்பித்துவிட்டேன். பாப்பா கண்ணாடியைக் கழற்றியது சரிதான், த்ரீடி என்பதே என்று தொடங்கினேன். உனக்கு அன்றைக்கு வேலை நெருக்கடி வேறு. "பாப்பாவையும் உங்க சண்டைக்குள்ள இழுக்காதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்கப்புறம் உன் அம்மா பேசினாள். அப்பா சொல்லச் சொன்னாரா என்று நீ கேட்டதும் அவளும் போனை வைத்துவிட்டாள். பல வருஷமாக நான் போட்ட சத்தம்தான் இப்போது என் வாயை அடைக்கிறது. யாரை நோவது?

அதனால் நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன், நீயும் யோசித்துப் பார். லீவில் நான் வாசலில் நின்று பாப்பாவுக்குப் பந்து போட்டேன். பந்து நெஞ்சில் பட்ட பிறகு கைதட்டினாள். அப்படியே தாத்தா என்று எல்லோரும் சிரித்தோம், நீயும் சிரித்தாய். முறுக்கை நீட்டினால் அது கைக்கு வருவதற்கு முன்பே விரலை மூடிக்கொள்கிறாள். தண்ணீர் டம்ளரை மேஜை விளிம்பில் பாதியும் காற்றில் பாதியுமாக வைத்துக் கீழே போடுகிறாள், கவிதா கவனம் இல்லை என்று அதட்டுகிறாள். தாடிக்கொம்புக் கோவிலுக்குப் போனபோது படி ஏறும்போது ஓடினாள், இறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் துழாவினாள். நான் இன்றைக்கும் அப்படித்தான் இறங்குகிறேன், வயசாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். இல்லை, உன் வயதிலும் நான் அப்படித்தான் இறங்கினேன். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, தாத்தாவை உரித்து வைத்திருக்கிறாள் என்று நாம் மாற்றி மாற்றிக் கொஞ்சினோம். எதை உரித்து வைத்திருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாப்பாவுக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அஞ்சு வயதுப் பிள்ளை பந்தைக் கோட்டைவிடுவதும் டம்ளரைத் தட்டிவிடுவதும் ஊரில் நடக்காததா? நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. பாப்பாவின் ஒரு கண்ணைக் கையால் மூடிவிட்டு, என்ன தெரிகிறது என்று நீ விளையாட்டாகக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அதோடு நிறுத்திவிடாதே, பிள்ளைகள் விரல் சந்தில் பார்த்துவிட்டுச் சரியாகச் சொல்லிவிடும் என்று டாக்டரே சொன்னாள். குழந்தைகளுக்குப் பார்க்கிற கண் டாக்டரிடம்தான் கொண்டுபோக வேண்டும். ஒருவேளை இருந்து, கண்ணில் ஏதாவது ஒட்டச் சொன்னால், அவள் அழுவாள், பிய்த்துப் போடுவாள், பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். அதற்கு மனசு இளகி விட்டுவிடாதே. உனக்கு அந்த மனசு உண்டு, ஊசி போட்டால் அவளுக்கு முன்னால் நீ கண்ணை மூடுகிறவன். கவிதாவிடமும் சொல், பாப்பா டம்ளரைக் கீழே போட்டால் இனிமேல் அதட்ட வேண்டாம்.

எனக்கு வருத்தமா என்று உன் அம்மா கேட்டாள். என்னத்தை இழந்தேன் என்றே எனக்குத் தெரியாது, அதற்கு எப்படி வருத்தப்படுவது? நான் பார்த்த படங்களை நன்றாகவே பார்த்தேன். உன்னைத் தொட்டிலில் பார்த்தேன், மணவறையில் பார்த்தேன், அரக்கையும் மெரூனையும் என்னைவிடச் சரியாகப் பிரிக்கிறவன் சின்னாளபட்டியில் இல்லை. ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. நீ ஆறு மாதம் உட்கார்ந்து செய்த வேலையை நான் ஒரு நொடிகூடப் பார்த்ததில்லை. கோடு கோடாகப் பிரித்து நீ முன்னால் கொண்டுவந்தது எதுவும் என்னிடம் வந்து சேரவில்லை. இருட்டு, வேஸ்ட், ஏமாற்று என்று நான் சொன்னதெல்லாம் பார்க்காத ஆள் சொன்னது. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் வண்ணத்துப்பூச்சிகளைப் பிடிக்கத் தியேட்டரில் அத்தனை பிள்ளைகள் எழுந்து கையை நீட்டியதை நான் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் யாரும் நடிக்கவில்லை என்று எனக்கு இப்போது தெரியும். நீ நல்ல வேலைக்காரன்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளை அழைத்துப் போ. படம் ரிலீஸ், ஓவர்டைம் எல்லாம் இருக்கட்டும். டாக்டரிடம் என் கதையைச் சொல், அந்த ஈப் புத்தகம் இருந்தால் எடுத்துக் காட்டச் சொல். பாப்பா கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை நீட்டும்போது நீ படத்தைப் பார்க்காதே, அவள் விரலைப் பார். காற்றில் பிடித்தால் எனக்குப் போன் செய்து திட்டு. இனிச் சாகும்வரை த்ரீடியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன், உன் அம்மா சாட்சி. தாளைத் தொட்டால், பயப்படாதே, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள். அவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

உன் அப்பா